தடைக்கம்பத்துக்கு அப்பால் ஒரு கல்

ஜேர்மனிக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு கையொப்பம் இடப் போனேன்.

என் தம்பி சிவநேசன் அங்கே ஒரு மலைக்காட்டில் இறந்தான். எண்பதுகளில் அகதியாகப் போனவன். வழக்கு முடியும்வரை அரசாங்கக் காட்டில் கூலிக்கு மரம் நட்டான், மரம் அறுத்தான். ஒரு பெரும் புயலுக்குப் பிறகு, வளைந்து கிடந்த மரமொன்றை அறுத்தபோது அது விண்ணென்று நிமிர்ந்து அவன் நெஞ்சில் அடித்தது. அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. உடன் வேலை செய்தவர்கள் அவன் விழுந்த இடத்தில் ஒரு கல் நட்டார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் தபால் அதிபராக இருந்தவன். செய்தி வந்த வான்கடிதத்தை மற்றக் கடிதங்களோடு நானே பையிலிருந்து எடுத்தேன். தொழில் பழக்கத்தில் முதலில் முத்திரையின் திகதியைத்தான் பார்த்தேன். நாற்பத்தொரு நாள் பிந்தி வந்திருந்தது. எழுதியவன் குணம். தம்பியோடு அகதி விடுதியில் ஒரே அறையில் இருந்தவன்.

அன்றிலிருந்து குணம் ஆண்டுதோறும் தம்பி இறந்த நாளில் காட்டுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவந்தான். கல்லின் படத்தை அனுப்பச் சொல்லிப் பல தடவை கேட்டிருக்கிறேன். வெளிச்சம் காணாது என்று சொல்லி மரங்களின் படத்தையே அனுப்புவான்.

இந்த ஆண்டு அந்தக் காட்டின் ஒரு பகுதியை வனாந்தரம் என்று அறிவித்துவிட்டார்கள். இனி அங்கே மரம் வெட்டக்கூடாது, நடக்கூடாது, எந்த எஞ்சினும் உள்ளே போகக்கூடாது. பாதைகளையும் கிண்டி எடுத்துவிடுவார்கள். குணம் முன்பு அனுமதிச் சீட்டோடு காரிலேயே கல்லடிக்குப் போய்வந்தவன். நீரிழிவில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இனி அவனால் அங்கே போக ஏலாது. இரத்த உறவுக்காரர் ஒருவர் கையொப்பமிட்டால் கல்லைக் கீழே, காட்டு வாசலிலுள்ள தடைக்கம்பத்துக்கு வெளியே கொண்டுவந்து நடலாம் என்று வன அலுவலகம் குணத்துக்கு எழுதியிருந்தது. இல்லாவிட்டால் கல் காட்டோடு விடப்படும். ஒக்டோபர் முடிவதற்குள் பதில் வேண்டும்.

ஞாயிறு பின்னேரம் நான்கு இருபதுக்கு வுப்பர்டால் போய்ச் சேர்ந்தேன். ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ரயில் ஓடும் ஊர் அது. குணம் வீடு மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. செயற்கைக் காலும் ஊன்றுகோலுமாக அவன் கீழே இறங்கிவந்து வாசலில் காத்து நின்றான்.

"வாங்கோ அண்ணை. படி கூட, மெல்ல ஏறுங்கோ," என்றான். மெல்ல ஏறியது அவன்தான்.

அவன் மனைவி வசந்தி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தார். இந்த நாட்டுக் கத்தரிக்காய் ஒவ்வொன்றும் முழங்கை அளவு, ஆனால் ருசி தண்ணீரில் போய்விடுகிறது. சாப்பிட்ட பிறகு நான் கொண்டுபோன கடிதங்களை மேசையில் பரப்பினேன். தம்பியின் பிறப்புச் சான்றிதழ், என்னுடையது, இரண்டின் மொழிபெயர்ப்புகள், என் கடவுச்சீட்டு. வசந்தி அவற்றைப் பார்த்தார். பிறகு கணவனைப் பார்த்தார்.

"இன்னும் சொல்லேல்லையோ?"

"அண்ணை களைச்சு வந்திருக்கிறார்," என்றான் குணம்.

"முப்பது வருசமா வாயைத் திறக்காத மனுசன். குழம்பிலை உப்புக் கூடினா மட்டும் திறப்பார்," என்று சொல்லிக்கொண்டே வசந்தி கோப்பைகளை எடுத்துப் போனார். என்ன விசயம் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை வன அலுவலகத்துக்குப் போகேக்கை ரயிலில் ஆறுதலாகச் சொல்லுறன் என்றான்.

திங்கள் காலை தம்பியின் சாம்பல் புதைத்த மயானத்துக்குப் போனோம். அங்கே புல்தரை மட்டுமே இருந்தது. இந்த நாட்டில் குழிக்கும் காலக்கெடு உண்டு. கெடு முடிந்தால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். "நீட்டிக்க ஒருக்கால் அன்ராக், அதுதான் விண்ணப்பம், போட்டனான். சொந்தக்காரர்தான் போடலாமாம்," என்றான் குணம். ஒரு கிழவர் நீர்வாளியோடு எங்களைக் கடந்து போனார். ஆக, உலகத்தில் என் தம்பிக்கென்று மிச்சம் இருந்தது அந்தக் காட்டுக் கல் ஒன்றுதான்.

செவ்வாய் காலை நிலையத்துக்குப் போனால் ரயில் இல்லை. பதிலாகப் பேருந்து என்று அறிவித்தார்கள். ஒரு ரயிலின் சனம் முழுவதும் ஒரு பேருந்தில் ஏறியது. குணத்துக்கு முன்னால், ஊன்றுகோல்காரருக்கான இருக்கை கிடைத்தது. எனக்குக் கடைசி வரிசை. பக்கத்தில் இருந்த மூதாட்டி ஆங்கிலத்தில், "உங்கள் நாட்டிலும் ரயில் இப்படித்தானா?" என்று கேட்டார். எங்கள் ஊருக்கு இருபத்துச் சொச்சம் ஆண்டு ரயிலே வரவில்லை, தண்டவாளத்தைக் கழற்றிப் பதுங்குகுழி கட்டிவிட்டோம் என்றேன். அவர் தன் பையிலிருந்து ஒரு அப்பிளை எடுத்து என் கையில் வைத்தார். சாரதி இரண்டு இடத்தில் வழி தவறினார். முன்னிருக்கையிலிருந்து குணம் அடிக்கடி திரும்பிப் பார்த்தான். சொல்ல நினைத்ததை அவன் சொல்லாமலே நாங்கள் இறங்கினோம்.

வன அலுவலர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். காலணியில் சேறு காயவில்லை. நல்ல ஆங்கிலம் பேசினார். கோப்பைத் திறந்து, "நீங்கள் மரியதாசனின் அண்ணன், அப்படித்தானே?" என்றார்.

நான் குணத்தைப் பார்த்தேன். அவன் தன் ஊன்றுகோலின் றப்பர் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோப்பைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பெயர் மரியதாசன். சமயம் கத்தோலிக்கம். பிறந்த நாள் ஜனவரி முதலாம் திகதி. என் தம்பி பங்குனியில் பிறந்தவன், வீட்டிலே சைவம். அவன் பிறந்த அன்று பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஜனவரி முதலாம் திகதி என்றால் பள்ளிக்கூடம் விடுமுறை. தபால் கந்தோரில் காலையில் முதல் வேலை முத்திரையில் திகதியை மாற்றுவது. அது பிழைத்தால் அன்று போகும் ஒரு கடிதமும் எதற்கும் சாட்சியாகாது. அந்தக் கோப்பு எனக்கு அப்படித் தெரிந்தது.

"கல்லைப் பார்த்த பிறகு கையொப்பம் வைக்கிறேன்," என்றேன்.

அலுவலர் தோளைக் குலுக்கினார். வியாழன் காலை எட்டு மணிக்கு ஒரு குதிரை மேலே போகிறது, பழைய வேலிக் கம்பிகளை இழுத்துக்கொண்டு வர. அதுதான் கடைசித் தடவை. கல்லைத் தொடுவதற்கு முன் கையொப்பம் இருக்க வேண்டும் என்றார். "எஞ்சின் போக முடியாது. குதிரையும் அதற்குப் பிறகு போகாது."

பேருந்துத் தரிப்பிடத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. குணம் நின்றபடியே சொன்னான்.

"ஏஜென்சிக்காரன் குடுத்த பாஸ்போட் அண்ணை. மன்னார்ப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன்ரை. படத்தை மட்டும் மாத்தி ஒட்டினது. இறங்கின கையோடை அந்தப் பேரிலைதான் வழக்குப் பதிஞ்சவன். முடியட்டும், பிறகு மாத்துவம் எண்டான். அதுக்கிடையிலை செத்துப் போட்டான்."

"செத்த பிறகும் நீர் சொல்லேல்லையோ?"

"பொலிஸ் என்னைத்தான் கேட்டது. அவன்ரை பேர் பொய்யெண்டு சொன்னா என்ரையையும் தோண்டுவாங்கள். திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் எண்டு பயம். மரியதாசன் எண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சனான். பாதர் வந்து செபம் சொன்னார். கல்லிலை சிலுவை வெட்டினாங்கள். எல்லாத்தையும் பார்த்துக்கொண்டு நிண்டனான்."

"எனக்கு எழுதின கடிதத்திலை?"

"உங்களுக்குப் பொய் எழுதேல்லை அண்ணை. எழுதாமல் விட்டனான்."

இப்போது உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று கேட்டேன். "ஒண்டும் நடக்காது எண்டு வசந்தி சொல்லுறா. எனக்குத் தெரியாது. ஏன் அப்ப சொல்லேல்லை எண்டு அந்த மனுசி கேட்டா, நான் என்னத்தைச் சொல்ல?" பேருந்து வந்தது. மூதாட்டி தந்த அப்பிள் பையிலேயே கிடந்தது.

புதன் முழுவதும் மழை. படிவத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். 'நினைவுகூரப்படுபவருக்கும் எனக்கும் உள்ள உறவு' என்று ஒரு வரி. அதற்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை வெற்றிடம். யாரென்று தெரியாத மரியதாசனுக்கு அண்ணன் என்று எழுதினால் அது பொய். அவன் எங்கேயாவது உயிரோடும் இருக்கலாம். சிவநேசனின் அண்ணன் என்று எழுதினால் குணத்தின் பழைய கையொப்பம் பொய். ஒன்றும் எழுதாவிட்டால் கல் மேலே நிற்கும், குணம் கீழே நிற்பான்.

பின்னேரம் வேலையால் வந்த வசந்தி ஈரக் குடையை மடக்காமலே என் அறை வாசலில் நின்றார்.

"அண்ணை, நான் ஒண்டு சொன்னா கோவிக்காதேங்கோ. மகள் பிறந்த அண்டைக்கும் இந்த மனுசன் ஆஸ்பத்திரியிலை இருந்து நேரே காட்டுக்குத்தான் போனது. உங்கடை தம்பி செத்த நாளும் அதுதான். கல்லிலை ஆற்றை பேர் எண்டாலும் இவர் போறது உங்கடை தம்பியிட்டைத்தான்."

"அது எனக்கும் தெரியும் பிள்ளை."

"தெரிஞ்சா ஏன் அந்தக் கடதாசியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறியள்? தேத்தண்ணி ஆறுது."

வியாழன் வசந்தி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காரை ஓட்டினார். ஏழு ஐம்பதுக்குத் தடைக்கம்பத்தடியில் இறங்கினோம். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு இரும்புக் கம்பம், பூட்டுப் போட்டிருந்தது. பக்கத்தில் புதிய பலகை. காரையும் மோட்டார் சைக்கிளையும் குறுக்கே கீறிய படங்கள், அதன் கீழே கால்நடையாகப் போகும் ஒரு மனிதன். இங்கே மரங்கள் தாமாக விழும், வருபவர் தம் பொறுப்பில் வரவும் என்று எழுதியிருந்ததைக் குணம் வாசித்துச் சொன்னான்.

உள்ளே போகாதே என்ற பலகைகளை நான் வேறு விதமாக அறிந்தவன். எங்கள் ஊரில் அவை மண்டையோட்டுப் படத்தோடு, கண்ணிவெடிக்காக நிற்கும். உயர் பாதுகாப்பு வலயம் என்று முள்வேலி போட்ட எங்கள் காணிக்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மனிதரும் புகவில்லை. இராணுவம் விட்ட பிறகு போய்ப் பார்த்தால் குசினிக்குள் வேம்பு நின்றது, கிணற்றைச் சுற்றிப் பற்றை. யாரும் அறிவிக்காமலே அதுவும் வனாந்தரமாகியிருந்தது. இங்கே கூட்டம் வைத்து, வரைபடம் கீறி, மரங்களுக்கு அந்த நிலத்தைக் கொடுக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்ததா பொறாமையாக இருந்ததா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

குதிரை செம்மண் நிறம், கால்கள் தூண் போல. குதிரைக்காரர் அறுபது தாண்டியவர். அவர் சொன்னதை அலுவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்: "இதற்கு எஞ்சின் கிடையாது, ஆனால் பின்னால் வருபவர்களுக்குப் புகை நிச்சயம் உண்டு என்கிறார்." வசந்தி தாளில் சுற்றித் தந்த ரொட்டியின் மணத்துக்குக் குதிரை என் சட்டைப்பையைத் தேடியது. ஒரு துண்டு கொடுத்தேன். உள்ளே வைத்திருந்த சம்பலின் உறைப்புக்குத் தலையை உதறிவிட்டு மறுபடியும் கேட்டது.

குணம் கம்பத்தில் கைவைத்து நின்றான். "பார்த்துப் போங்கோ அண்ணை. ரண்டாவது வளைவிலை இடப்பக்கம்."

பாதையைத் தடை வருமுன்பே இயந்திரம் கொண்டு உழுதுவிட்டிருந்தார்கள். பாதைக்கு அடியில் கிடந்த வடிகால் குழாய்களை எடுத்த இடங்களில் நீர் தன்பாட்டில் குறுக்கே ஓடியது. இருபுறமும் ஊசியிலை மரங்கள், அத்தனையும் செத்து, பட்டை உரிந்து, சாம்பல் நிறத்தில் நின்றபடியே இருந்தன. வறட்சியும் பட்டை வண்டும் என்றார் அலுவலர். வரிசை பிசகாமல் நின்றன. கயிறு பிடித்து நட்டிருக்கிறார்கள்.

"யார் நட்டார்களோ, ஒழுங்காக நட்டிருக்கிறார்கள்," என்றார் அவர்.

"என் தம்பி," என்றேன்.

அவர் நின்று என்னைப் பார்த்தார். பிறகு செத்த மரங்களுக்கிடையே முளைத்திருந்த கன்றுகளைக் காட்டினார். அவற்றை யாரும் நடவில்லை, காற்றும் பறவையும் கொண்டுவந்தவை, வரிசையில்லை. "இனி நாங்கள் இங்கே ஒன்றும் செய்யமாட்டோம். பழகுவதற்குச் சிரமமான வேலை அதுதான்."

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தாறு அடி எண்ணினேன். இரண்டாம் வளைவில், இடப்பக்கம், கல்.

தொடையளவு உயரம். கரும்பாசி படிந்திருந்தது. மேலே சிலுவை. அதன் கீழே மரியதாசன் என்ற பெயர், ஜனவரி முதலாம் திகதி, கடைசியாக அவன் இறந்த திகதி. கல்லின் முகத்தில் மெய்யாக இருந்தது அந்தக் கடைசி வரி மட்டும்தான். என் குறிப்பேட்டில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

கல்லின் அடியைக் காட்டுப்பன்றிகள் கிண்டிப்போட்டிருந்தன. ஒரு பக்கத்தில் இரண்டு சாண் ஆழத்துக்குக் குழி. "இந்த வாரத்து வேலை," என்றார் அலுவலர். மண்ணுக்குள் இருந்த கல்லின் பகுதி வெளியே தெரிந்தது. அதில் கீறல்கள். முதலில் பன்றிப் பல் என்று நினைத்தேன். குந்தியிருந்து விரலால் மண்ணைத் துடைத்தேன்.

தமிழ் எழுத்து. உளியும் இல்லாமல், ஏதோ அரத்தாலோ ஆணியாலோ இராவி இராவி வெட்டியது. கோணலும் மாணலுமாக, சிவநேசன்.

நடுவதற்கு முன்னாலேயே வெட்டியிருக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல், மண்ணுக்குள் போகப் போகிற பகுதியில். அத்தனை ஆண்டும் மெழுகுதிரியை அவன் அந்தப் பெயருக்கு மேலே ஏற்றியிருக்கிறான். எனக்குக்கூடச் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் குந்தியிருந்தேன் என்று நேரம் பார்க்கவில்லை. குதிரைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"என்ன எழுதியிருக்கிறது?" என்றார் அலுவலர்.

"அவன் பெயர். அப்பா வைத்தது."

அவர் கல்லின் மேற்பகுதியைப் பார்த்தார், கீழ்ப்பகுதியைப் பார்த்தார், கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தேன். அது குணத்தைப் பற்றியதாக இருக்கும், அதற்கு நான் பொய் சொல்லமாட்டேன் என்றும் எனக்குத் தெரியும்.

"படிவத்தில் கேட்டிருப்பது உறவு மட்டும்தான்," என்றார் அவர். பேனாவை நீட்டினார்.

கல்லின் மேலேயே தாளை வைத்து, அண்ணன் என்று தமிழிலும், குணம் முன்பே சொல்லித்தந்திருந்த ஜேர்மன் சொல்லிலும் எழுதிக் கையொப்பமிட்டேன். திகதியும் போட்டேன். அந்தத் தாளில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

குதிரைக்காரர் கடப்பாரையால் நெம்பி, கல்லை ஒரு மரச்சறுக்கில் சரித்து, சங்கிலி பூட்டினார். நாக்கால் ஒரு சத்தம் போட்டார். குதிரை ஒரு தடவை மூச்சை இழுத்தது. கல் அசைந்தது. அது நின்ற இடத்தில் ஒரு பள்ளம் மிஞ்சியது. விளிம்பு மண் அதற்குள் சொரியத் தொடங்கிவிட்டது. அடுத்த மழைக்கு அந்த இடம் தெரியாது. என் தம்பி விழுந்த மண்ணை இனி எவரும் மிதிக்கப்போவதில்லை. நான் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

கம்பத்தடியில் வசந்தி தேநீர்க் குடுவையைத் திறந்துகொண்டிருந்தார். குணம் மடக்கு நாற்காலியில் இருந்தான். சறுக்கில் வந்த கல்லின் அடிப்பாகம் அவன் பக்கம் இருந்தது. ஈர மண்ணோடு எழுத்து. அவன் எழும்ப முயன்று, ஊன்றுகோல் வழுக்கி, மறுபடியும் இருந்தான்.

"கண்டிட்டியளோ?"

"பன்றி கிண்டிக் காட்டினது."

"பன்றியளுக்குத் தமிழ் தெரியுமெண்டு தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் வடிவா வெட்டியிருப்பன்," என்றான். சிரிக்கத்தான் சொன்னான். பாதியில் குரல் உடைந்து கையால் முகத்தை மூடிக்கொண்டான். வசந்தி அவன் தோளில் கை வைக்கவில்லை. தேநீரை ஊற்றி அவன் முன்னே பிடித்துக்கொண்டு நின்றார்.

கம்பத்துக்கு வெளியே, பலகைக்குப் பக்கத்தில் குதிரைக்காரர் மண்வெட்டியால் கோடு கிழித்தார். எவ்வளவு ஆழம் என்று கேட்டார். முன்பு இருந்தது போல இரண்டு சாணா?

இரண்டு சாண் என்றால் அந்தப் பெயர் மறுபடியும் மண்ணுக்குள். குணம் என்னைப் பார்த்தான். "முந்தின மாதிரியே நடட்டும் அண்ணை. வெளியிலை தெரிஞ்சா ஆரும் வாசிப்பினம்."

"வாசிக்கட்டும்."

"கேட்பினம்."

"கேட்டா என்ரை பேரைச் சொல்லும். அண்ணன் வந்து நட்டவர் எண்டு சொல்லும்."

நான் குதிரைக்காரரிடம் நான்கு விரலைச் சேர்த்துக் காட்டினேன், அந்த அளவு ஆழம் போதும் என்று. அவர் தலையை ஆட்டி ஏதோ சொன்னார். இரண்டு குளிர்காலத்தில் சரிந்துவிடும் என்கிறார், என்றார் அலுவலர். படிவத்தில் ஆழம் பற்றி ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். பிறகு அவரே பாதையோரம் போய், கிண்டிப் போட்டிருந்த சரளைக் கற்களில் பெரிதாக ஒன்றைத் தூக்கிவந்து பள்ளத்தருகே வைத்தார். நானும் வசந்தியும் போனோம். அரை மணி நேரம் கல் பொறுக்கினோம். சுற்றிவர முட்டுக்கொடுத்து இறுக்கியபோது கல் அசையாமல் நின்றது. மேலே சிலுவையும் மரியதாசனும், கீழே, நிலத்துக்கு ஒரு விரற்கடை மேலே, சிவநேசன். ஒரு பெயரையும் நாங்கள் அழிக்கவில்லை.

குணம் பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்தான். பிறகு நினைவு வந்தவன் போல அலுவலரைப் பார்த்து ஜேர்மனில் கேட்டான். காட்டுக்குள் நெருப்புக்குத் தடை. அவர் பூட்டிய கம்பத்தைக் காட்டி, இந்தப் பக்கம் என்றால் கொளுத்தலாம் என்றார்.

செயற்கைக் காலோடு குனிவது அவனுக்குக் கடினம். நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு தீக்குச்சி காற்றில் அணைந்தன. மூன்றாவது பற்றியது. மெழுகுதிரியை வழக்கமான இடத்தில், கல்லின் முகத்துக்கு நடுவே வைக்கப் போனவன் சற்றுத் தயங்கி, இன்னும் கீழே, அந்தக் கோணல் எழுத்துகளுக்கு முன்னால் வைத்தான்.

வீதியில் பேருந்து ஒன்று வந்து நின்று, ஒருவரும் ஏறாமல் போனது. குணம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தரிப்பிடம் கிட்டத்தான், அண்ணை," என்றான். "அடுத்த வருசம் நான் தனியவே வருவன்."